வெள்ளிக்கிழமை விளக்கு

பேத்தி இஸ்ரேலுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறாள். 'யூத வீட்டில் எப்படி நடந்துகொள்ளணும் பாட்டி?' என்று கேட்டாள். கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனில் ஒரே வீட்டில் 1961 முதல் 2003 வரை வேலை பார்த்தவள் நான். எங்களுடையது ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பம். அப்பாவோடு சலவை மூட்டை கொடுக்கப் போன வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

முதலில் விளக்கு. வெள்ளி சாயங்காலம் முதல் சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வு நாள், சப்பாத் என்பார்கள்; அதற்காக ஏற்றும் விளக்கு இது. உனக்கு அங்கே மெழுகுவர்த்தியாக இருக்கலாம், ஆனாலும் தெரிந்துகொள். உத்தரத்தில் தொங்கும் கண்ணாடி விளக்கை வியாழக்கிழமையே இறக்கி, சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். மறுநாள் பாதி வரை தண்ணீர், மேலே இரண்டு விரல் தேங்காய் எண்ணெய். தகரம் போர்த்திய தக்கையில் திரியைக் கோத்து மிதக்க விடணும். நுனி நீண்டால் புகையும்.

தண்ணீரை நான் கஞ்சத்தனம் என்று நினைத்து, ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீரே இல்லாமல் எண்ணெயை மட்டும் ஊற்றினேன். நடுராத்திரி திரி அடிவரை இறங்கி, கண்ணாடி படீரென்று வெடித்தது. சப்பாத் தொடங்கிவிட்டால் அவர்கள் தீயை மூட்டவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வீட்டுக்காரம்மா, நான் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், பாவம். எண்ணெய் தீர்ந்ததும் தண்ணீர்தான் அணைக்கணும், அதற்குத்தான் அது.

சூரியன் மறைய குறைந்தது 18 நிமிஷம் முன்பே ஏற்றுவார்கள். தீப்பெட்டியை எடுத்துக் கொடு, ஏற்றுவது அவர்கள் கை. சமையலும் அதற்குள் முடிந்திருக்கணும். பால் பாத்திரமும் கறிப் பாத்திரமும் வேறு வேறு, கரண்டிகூட மாறக் கூடாது. கிண்ணத்தில் ஊற்றும் வைனைத் தொடாதே. எனக்கு முதலில் மனசு சுருக்கென்றது. அது அவர்கள் சட்டம், உன்னைத் தாழ்த்துவதற்கு இல்லை.

கஷ்டமானது மின்விளக்கு. 'லைட்டைப் போடு' என்று அவர்கள் சொல்லக் கூடாது. அவர்களுக்காக நீ போட்டாலும் ஆகாது. உனக்காக நீ போட்டுக்கொண்டால் அந்த வெளிச்சத்தில் அவர்களும் இருக்கலாம். அதனால் இருட்டினால் லைட்டைப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிடுவேன். கழுவினதையே இன்னொரு தரம் கழுவின நாளும் உண்டு.

ஒன்று மட்டும் மறக்காதே. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் யாரையும் கேட்காமல் உடனே போன் போடு. உயிர் போகிற ஆபத்தில் சப்பாத்தை மீறலாம் என்பதும் அவர்கள் சட்டம்தான். ஆன்ட்டி விழுந்த சனிக்கிழமை நான் அரை மணி நேரம் தயங்கி நின்றேன், அதற்கு அவரிடமே திட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்தால் முடிந்தது. நான் ஜன்னலில் நின்று எண்ணிச் சொல்வேன். ஆடி மழையில் கொச்சியில் நட்சத்திரம் எங்கே தெரியும்? அப்போது காலண்டரில் போட்டிருக்கும் நேரம்தான். நீயும் போனதும் முதல் வேலையாக சப்பாத் முடியும் நேரத்தை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டி வை.