ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வருமா? வடசென்னையில் போர் போடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ போர் தண்ணீர் கரிக்கத் தொடங்கினால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "இன்னொரு நாப்பது அடி இறக்கிப் பாக்கலாமே" என்பதுதான். போர் போடுபவரும் தலையாட்டுவார். அவருக்குக் கூலி அடிக்கணக்கு. கடலோர வடசென்னையில் இதைவிட அதிகம் செலவு வைக்கும் தவறு வேறு இல்லை.

ஆழம் போனால் நல்ல தண்ணீர் என்ற எண்ணம் பாறை நிலத்திலிருந்து வந்தது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை மேலாகவே கிடக்கிறது. அங்கே வெடிப்புகளைத் தேடி ஆழம் போவதில் அர்த்தம் உண்டு. வடக்கே நிலம் வேறு மாதிரி. கடலோரத்தில் மணல் திட்டு, அதற்குக் கீழும் மேற்கிலும் ஆறுகள் கொட்டிய மணலும் களியும் மாறி மாறி. மழையில் இறங்கிய நல்ல நீர், மீன்குழம்பின் மேல் எண்ணெய் நிற்பதுபோல, அடியில் உள்ள உப்பு நீரின் மேல் நிற்கிறது. எடை வித்தியாசம் மிகச் சிறியது. கடல்நீர் நல்ல நீரைவிட 2.5 சதவீதம்தான் கனம். அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து ஒரு பெரிய கணக்கு பிறக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் கைபெனும், 1901-ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியாகக் கண்ட கணக்கு இது. இதையே திருப்பிப் படித்தால்தான் நமக்கு உறைக்கும்: மேலே நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், கீழே உப்பு நாளடைவில் 20 மீட்டர் ஏறிவிடும்.

இதோடு மோட்டாரின் வேலையும் சேர்கிறது. பெரிய மோட்டார் ஒரே இடத்தில் மணிக்கணக்காக இழுத்தால், அதற்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பாக மேலெழும். ஆகவே தண்ணீர் கரிக்கும்போது செய்ய வேண்டியது எதிர்த்திசை வைத்தியம். ஆழத்தைக் கூட்டாமல், சின்ன மோட்டாருக்கு மாறி, ஒரே மூச்சில் தொட்டியை நிரப்பாமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். இடம் இருந்தால் ஒரு ஆழமான போருக்குப் பதில் ஆழம் குறைந்த உறைக்கிணறு போதும். சந்தேகம் இருந்தால் மண்ணடிப் பக்கம் ஏழுகிணற்றை நினைத்துப் பாருங்கள். 1772-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் கொடுக்கத் தோண்டிய கிணறுகள் அவை. கடல் நடந்துபோகும் தூரம்தான். ஆனாலும் அந்த மணலின் மேல்நீர் ஒரு கோட்டைக்கே தாகம் தீர்த்தது.

அடுத்த தவறு, நிலத்தடி நீரை நம் காம்பவுண்டுக்குள் உள்ள சொத்தாக நினைப்பது. சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரின் கதை தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். 1960களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு ஓடும் நிலத்தைப் புவியியலாளர்கள் ஆராய்ந்தார்கள். பழைய ஆற்றுப் படுகைகள் எங்கே புதைந்து கிடக்கின்றன, எந்த மணல் அடுக்கு எவ்வளவு நீர் தரும் என்று பார்த்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கத்தில் கூட்டமாகப் போட்ட கிணறுகள் அந்த ஆய்வின் பலன். நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் அங்கிருந்து தண்ணீர் வந்தது. விவசாயிகளும் அதே நீரை வயலுக்கு இறைத்தார்கள். 1969 வாக்கில் மீஞ்சூர்ப் பக்கம் சுமார் 3 கி.மீ. உள்ளே நின்ற கடல்நீர், 1983-ல் சுமார் 9 கி.மீ. வரை வந்துவிட்டது. ஆராய்ச்சி செய்து கண்டெடுத்ததை, எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு எடுத்தோம், வேறென்ன சொல்ல? 1987-ல் சென்னை பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. வீட்டுப் போருக்கும் அனுமதி வாங்க வேண்டும் என்று பலருக்கு இன்றுவரை தெரியாததும் இந்தத் தவறின் வால்தான். 2010-ல் மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில், கடல்நீரை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீராக்கும் ஆலை திறந்தது. நிலத்துக்குள் சும்மா கிடந்த நன்னீரைக் கெடுத்துவிட்டு, பக்கத்திலேயே மின்சாரம் செலவழித்து நன்னீர் செய்கிறோம்.

ஆற்று மணலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கொசஸ்தலையில் அள்ளிய மணல் வெறும் கட்டட மணல் இல்லை. வெள்ளத்தைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும் அடுக்கு அது. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் பிடிக்காது என்று முகம் சுளிப்பவர்கள் அந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

இடம் பார்ப்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. நீரோட்டம் பார்ப்பவரின் கையில் தேங்காய் நிமிர்ந்த இடத்தில் போர் போடுவது ஒன்று. கடலோர மணலில் எங்கே தோண்டினாலும் ஏதோ தண்ணீர் வரும். அது தேங்காயின் திறமை இல்லை. மின்தடைச் சோதனை செய்துவிட்டேன், இனி கவலை இல்லை என்பது மற்றொன்று. நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் அந்தச் சோதனையில், உப்பு நீர் ஊறிய மணலும் ஈரக் களியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காட்டும். இரண்டுமே மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்துபவை. பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் ருசியையும் சேர்த்துப் படிக்காத சோதனை அறிக்கை பாதி அறிக்கைதான். போர் போடும்போது ஐந்தடிக்கு ஒருமுறை வெளிவரும் மண்ணைப் பையில் எடுத்து, ஆழத்தை எழுதி வையுங்கள். ஓட்டை போட்ட பைப்பை எந்த அடுக்கில் நிறுத்துவது என்பதை அதுதான் சொல்லும். பலர் அதைக் களியில் நிறுத்திவிட்டு "தண்ணி ஊறல" என்கிறார்கள்.

டி.டி.எஸ். மீட்டரை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்வது இப்போது பரவியிருக்கும் தவறு. அது கரைந்த உப்பை மட்டும் பார்க்கும். இந்தியத் தரப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லை என்றால் 2000 வரை. எண் குறைவாக இருப்பதால் தண்ணீர் சுத்தம் என்று ஆகாது. 2013-ல் தண்டையார்பேட்டைப் பகுதியில் போர் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. குழாய்க் கசிவுதான் காரணம். அந்த எண்ணெயையோ, சாக்கடைக் கிருமியையோ இந்த மீட்டர் பார்க்கவே பார்க்காது. ஆலைகளுக்கும் எண்ணெய்க் குழாய்களுக்கும் பக்கத்தில் இருப்பவர்கள் ஆய்வகத்தில்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதையும் டிசம்பரில் மட்டும் கொடுத்தால் மழை உங்களை ஏமாற்றும். மே மாதத்திலும் கொடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்றுவதால் உப்பு கூடத்தான் செய்யும்.

குடிக்கத்தானே கூடாது, கட்டடத்துக்கு என்ன என்று உப்புப் போர் தண்ணீரில் கான்கிரீட் கலப்பவர்கள் உண்டு. இது பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் தெரியும் தவறு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கடல்நீரில் அது சுமார் 19,000. அதாவது உங்கள் போரில் நூற்றுக்கு மூன்று பங்கு கடல் கலந்தாலே வரம்பு தாண்டிவிடும். குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பி தெரிய நிற்கும் பால்கனிகளில் பாதிப் பழியைக் கடற்காற்று வீணாகச் சுமக்கிறது என்பது என் சந்தேகம். சுண்ணாம்புக்கல், இரும்பு, மணல் எல்லாம் எங்கிருந்தோ தோண்டி எடுத்தவை. கட்டடம் பாதி ஆயுளில் உதிர்ந்தால் அத்தனையையும் மறுபடி தோண்ட வேண்டும்.

போர் வந்ததும் பழைய கிணற்றைக் கட்டட இடிபாடு கொட்டி மூடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மழைநீரை நிலத்துக்குள் அனுப்ப அதைவிட நல்ல வாசல் உங்கள் வீட்டில் கிடையாது. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, ஆய்வுக்கு வருபவருக்குக் காட்ட மூன்றடிக் குழி தோண்டி ஜல்லி போட்டவர்கள் நிறைய. அடியில் களி இருந்தால் அந்தக் குழி கொசுவுக்குத்தான் உதவும்; மணல் அடுக்கைத் தொடும்வரை துளையிட்டுப் பைப் இறக்க வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. 600 சதுர அடி மொட்டைமாடியில் விழுவது எழுபதாயிரம் லிட்டருக்கு மேல். இழப்பு போக அறுபதாயிரம் லிட்டராவது கிணற்றில் சேரும். மாடித் தண்ணீரை மட்டும் விடுங்கள். தெருத் தண்ணீரை, முக்கியமாக மணலி, எண்ணூர் லாரிகள் ஓடும் சாலையின் தண்ணீரை விடாதீர்கள். அக்டோபருக்கு முன் வடிகட்டியின் மேல் மணலை எடுத்துக் கழுவிப் போட்டு, முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள். வால்வைத் திறக்கவும் மூடவும் வீட்டில் ஒருவருக்காவது பொறுப்பு இருக்கட்டும்; இல்லாவிட்டால் அது வருடம் முழுக்கச் சாக்கடைப் பக்கமே திறந்து கிடக்கும்.