வளாகத்தின் பழைய கதையை நூலகத்தில் தேடி எடுப்பது எப்படி?

வளாக வரலாறு எழுதப் போகிறேன் என்று பொத்தாம்பொதுவாக நூலகத்துக்குள் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். நூலகச் செய்தி மடலுக்கு ஒரு பக்கம் எழுதுகிறீர்களா, துறையின் பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டு உங்களைப் பிடித்திருக்கிறார்களா, எதுவானாலும் சரி, முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். "நம் நூலகத்தின் வரலாறு" என்பதற்கு யாராலும் பதில் தேட முடியாது. "இரவு நேரத்தில் மாணவிகளும் வாசிப்பறையில் உட்கார்ந்து படிக்கலாம் என்ற விதி எப்போது வந்தது?" என்று கேட்டால் தேடலாம். கூடவே ஒரு பத்தாண்டைக் குத்துமதிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த வேலை, கேட்பது. பலர் கூச்சப்பட்டுக்கொண்டு கணினியில் தாங்களே தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று கிளம்பிவிடுகிறார்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. அதனால் குறிப்புதவி மேசையில் இருப்பவரிடம் போய்க் கேட்பதைத் தொந்தரவு என்று நினைக்க வேண்டாம், அவர் அங்கே இருப்பதே அதற்குத்தான். கேட்கும்போது "பழைய புத்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்காமல், உங்கள் கேள்வியையும் ஆண்டையும் சொல்லி, "இதற்கு எந்தப் பதிவேட்டைப் பார்க்கணும்?" என்று கேளுங்கள்.

புத்தக அடுக்கையும் ஒரு நடை பார்த்துவிடுவது நல்லது. பாடவாரியாக எண் கொடுக்கும் டியூயி முறையில் அடுக்கும் நூலகமாக இருந்தால் உயர்கல்வி 378இல் இருக்கும், பல்கலைக்கழக வரலாறுகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஆனால் அச்சிட்ட வரலாற்று நூல்கள் துணைவேந்தர்களையும் திறப்பு விழாக்களையும்தான் அதிகம் பேசும். மாணவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு ஆவணங்களுக்குத்தான் போக வேண்டும்.

எந்த ஆவணம் என்ன சொல்லும்? மாணவிகள் பற்றிய அதே கேள்வியை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அச்சிட்ட காலண்டரில், அதாவது விதிகளும் பாடத்திட்டமும் அடங்கிய அந்தத் தடித்த புத்தகத்தில், நூலக விதிகள் என்றொரு பகுதி இருக்கும். ஏழெட்டு ஆண்டுகளின் காலண்டர்களை மேசையில் வரிசையாக விரித்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு வரி ஓராண்டு இருக்கும், மறு ஆண்டு காணாமல் போயிருக்கும். அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டிய இடம். ஆண்டு பிடிபட்டதும் ஆட்சிக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் அதே ஆண்டைத் திறந்தால் தீர்மானம் அகப்படலாம். ஆனால் தீர்மானத்தில் காரணம் சொல்லியிருக்க மாட்டார்கள், "தீர்மானிக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் முடித்திருப்பார்கள். யார் கேட்டார்கள், யார் முனகினார்கள் என்பதெல்லாம் மாணவர் இதழின் கடிதப் பகுதியில்தான் கிடைக்கும். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் கதை உருவாகும். ஒன்றை மட்டும் வைத்து எழுதாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் ஒன்று உண்டு, யாரும் அதைத் தொடுவதே இல்லை: நூல் வரவுப் பதிவேடு. நூலகத்துக்குள் வந்த ஒவ்வொரு புத்தகமும் வந்த தேதி, வரிசை எண், ஆசிரியர், தலைப்பு, விலை, வாங்கியதா நன்கொடையா என்று கட்டம் கட்டமாகப் பதிவாகியிருக்கும். கடைசிக் கட்டத்தில் "தொலைந்தது", "நீக்கப்பட்டது" என்ற குறிப்புகள் இருக்கும். ஒரே மாதத்தில் ஒரு பேராசிரியர் பெயரில் நூற்றுக்கணக்கான நன்கொடை நூல்கள் வந்திருந்தால் அவர் ஓய்வு பெற்றிருக்கலாம், இறந்திருக்கலாம், அங்கிருந்து ஒரு கதை தொடங்கும். ஒரு துறை புதிதாக ஆரம்பிக்கும்போது அந்தப் பாடத்து நூல்கள் திடீரென்று குவிவதையும் அதில் பார்க்கலாம்.

ஆவண அறைக்குள் போகும்போது பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், பேனா கூடாது. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு உட்காருங்கள். காகிதத்துக்கு உறை போட்ட கையைவிடச் சுத்தமான வெறுங்கை மேல், உறை மாட்டினால் தொடுவுணர்வு மழுங்கிப் பக்கம் கிழியும். புகைப்படத்துக்கு மட்டும் உறை வேண்டும், அதையும் ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே கோப்பு, தாள்களை இருந்த வரிசையிலேயே திரும்ப வையுங்கள். ஏனென்றால் எந்தக் கடிதத்துக்கு அடுத்து எந்தக் கடிதம் இருந்தது என்பதே ஒரு தகவல். படம் எடுக்க அனுமதி கிடைத்தால் பிளாஷ் இல்லாமல் எடுங்கள். முதலில் பெட்டி எண்ணும் கோப்பு எண்ணும் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒரு படம், அப்புறம் தாள்கள். வீட்டுக்கு வந்து இது எந்தப் பெட்டி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய புகைப்படம் கிடைத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர்கள், ஆல்பத்திலிருந்து பிய்த்த பசைத் தடம் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். பின்னால் எழுதிய தேதியை அப்படியே நம்பிவிடாமல், படத்தில் தெரியும் கட்டடங்களோடு ஒத்துப் பாருங்கள், பல ஆண்டுகள் கழித்து யாரோ நினைவிலிருந்து எழுதியதாகவும் இருக்கலாம்.

2000க்குப் பிந்தைய காலம்தான் உண்மையில் கஷ்டம். அறிவிப்புகள் காகிதத்திலிருந்து இணையத்துக்குப் போய்விட்டன, துறைகளின் பழைய பக்கங்களோ அழிந்துவிட்டன. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் 2001இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1996 முதல் சேகரித்த பக்கங்கள் அதில் உள்ளன. பல்கலைக்கழகத்தின் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஸ்கேன் செய்து மின்வடிவாக்கிய பழைய இதழ்களில் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள், கணினி ண, ன வித்தியாசத்தில்கூடத் தடுமாறும். கட்டடத்தின் பழைய பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

அப்புறம் மனிதர்கள். ஓய்வு பெற்ற நூலக உதவியாளரிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் தடுமாறுவார். "அப்போ நூலகர் யாரு? புது மாடி கட்டியாச்சா?" என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார், ஆண்டை நீங்கள் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். பேச்சைப் பதிவு செய்யவும் அச்சிடவும் முதலிலேயே சம்மதம் வாங்கிவிடுங்கள்.

எழுதும்போது, ஆவணத்தில் கண்டதையும் "சொல்வார்கள்" என்று கேட்டதையும் வாசகருக்குப் பிரித்துக் காட்டுங்கள். படத்தை அச்சிடும் உரிமை நூலகத்திடம் இல்லாமல் எடுத்தவரிடம் இருக்கலாம், விசாரியுங்கள். பழைய மாணவர்களின் மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை போன்றவை கண்ணில் பட்டாலும் எழுத வேண்டாம்.

கட்டுரையின் கீழே வாசிப்புப் பரிந்துரை சேர்க்கச் சொல்வார்கள். இருபது தலைப்புகளைக் கொட்டாமல் மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு வரி, அடுக்கு எண், இரவல் போகாமல் இருக்கிறதா என்ற தகவல். தேர்ந்தெடுக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதும் காலத்து நூல்களை எடுத்துப் பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும், திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிடும் தவணைச் சீட்டைப் பாருங்கள். தேதி முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருக்கும் புத்தகத்தைத்தான் அன்றைய மாணவர்கள் போட்டி போட்டு எடுத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக முத்திரையே விழாத நல்ல நூல் கண்ணில் பட்டால் அதையும் சேருங்கள்.

மடல் வெளிவந்ததும் உங்கள் குறிப்புகளையும் பேட்டிப் பதிவையும் தேதியிட்டு ஆவணப் பிரிவிலேயே ஒப்படைத்துவிடுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது பழைய படங்களோடு வந்தால் வாங்கி வைக்கவும் அங்கே ஆள் இருப்பார்கள்.