பூனையை முக்கோணம் போட வைப்போம்: குழந்தையின் முதல் புரோகிராம்

8 வயது தாண்டிய குழந்தை என்றால் ஸ்க்ராட்ச்சில் தொடங்கலாம். 'பிளாக்' எனும் கட்டளைத் துண்டுகளை அடுக்கியே புரோகிராம் செய்யும் மென்பொருள் இது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா ஆய்வகம் 2007இல் வெளியிட்டது, இலவசம். 5 முதல் 7 வயது என்றால் டேப்லட்டில் ஸ்க்ராட்ச் ஜூனியர் இருக்கிறது. உங்களுக்கே கோடிங் தெரியாதா? பரவாயில்லை, சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம்.

1. கணினி இல்லாமல். நீங்கள்தான் ரோபோ, குழந்தை கட்டளையிட வேண்டும். "நட" என்று மட்டும் சொன்னால் சுவரில் முட்டும்வரை நடங்கள். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்புறம் தானாகவே "நாலு அடி நட, வலப்பக்கம் திரும்பு" என்று வரும். பத்து நிமிடம் போதும்.

2. பூனையைத் திறங்கள். ஸ்க்ராட்ச் தளத்தில் 'கிரியேட்' அழுத்தினால் பூனை நிற்கும். கணக்கு தொடங்கத் தேவையில்லை. இடப்பக்கம் கீழ்மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி பூனை போகும் வழியில் கோடு போடும் 'பென்' என்ற இணைப்பைச் சேருங்கள்.

3. சதுரம். பச்சைக் கொடி பிளாக், அதன் கீழே 'பென் டவுன்', அதன் கீழே 'ரிப்பீட்'. ரிப்பீட்டில் 10 என்று இருப்பதை 4 ஆக்குங்கள். அதற்குள் 'மூவ்' 100, 'டர்ன்' 90. கொடியை அழுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் சதுரம் வந்துவிடும். பூனை நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ரிப்பீட்டுக்குள் 'வெயிட்' 1 செகண்ட் சேருங்கள். கோடுகளை அழிக்க 'எரேஸ் ஆல்' பிளாக்கைத் தனியாகச் சொடுக்கினால் போதும்.

4. முக்கோணம். இங்கேதான் விஷயமே. என் மகள் ரிப்பீட்டில் 3 போட்டு, டர்னில் 60 போட்டாள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 தானே! திரையில் மூடாத பாதி உருவம். பூனை தலைகீழாக நிற்கிறது. என் கை மவுஸை நோக்கிப் போனது, அடக்கிக்கொண்டேன். அவள் கோபத்தில் கொடியை மறுபடி அழுத்தினாள். இன்னும் மூன்று கோடுகள் வந்து அறுகோணமாக மூடிக்கொண்டது, பூனையும் நிமிர்ந்துவிட்டது. "நான் இதைக் கேக்கவே இல்லையே!"

சரி, எழுந்து நட என்றேன். தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, கோட்டின் மேலேயே நடந்தாள். மூலையில் கொஞ்சம் திரும்பினால் போதவில்லை, வந்த வழியைப் பார்க்கிற மாதிரி நன்றாகத் திரும்ப வேண்டியிருந்தது. 60 என்பது உள்ளே இருக்கும் கோணம்; பூனை திரும்ப வேண்டியது 180இல் மீதி 120. அப்புறம் 4×90, 3×120, 6×60, எல்லாமே 360 என்று எழுதிக் காட்டினேன். ஐங்கோணத்துக்கு 72 என்பதை அவளே கண்டுபிடித்தாள்.

5. சேமிப்பது. 'ஃபைல்' மெனுவில் கணினியிலேயே சேமித்துக்கொள்ளலாம்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து எழுதும் பைத்தான் மொழிக்கு அவசரம் வேண்டாம். அதனுடன் வரும் 'டர்ட்டில்' தொகுப்பிலும் இதே சதுரம், இதே 90 தான். தட்டச்சு பழகிய பிறகு போகலாம். அதற்குள் குழந்தை "வட்டம் எப்படிப் போடுறது?" என்று கேட்கும். ரிப்பீட்டில் 36, மூவில் 10 போட்டுக் கொடுத்துவிட்டு, டர்ன் எண்ணை மட்டும் காலியாக விடுங்கள்.