நிபந்தனையை விட்டுவிட்டுப் படிப்பது: மூலக்கூறு உயிரியல், உயிர்வேதியியல் மீள்பார்வையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூலக்கூறு உயிரியலிலும் உயிர்வேதியியலிலும் மதிப்பெண்ணை இழக்கும் மாணவர்களில் பலர் படிக்காதவர்கள் அல்லர். அவர்கள் எழுதிய வாக்கியம் பாடநூலில் ஏறத்தாழ அப்படியே இருக்கும்; அது எந்தத் திசையில், எந்தச் செறிவில், எந்த உயிரணுவில் உண்மை என்ற பகுதி மட்டும் விடுபட்டிருக்கும். இவ்விரு பாடங்களிலும் நிபந்தனையைக் கழற்றிவிட்டால் உண்மை பாதி உண்மையாகக் கூட நிற்பதில்லை, பல இடங்களில் நேர் எதிராகத் திரும்பிவிடுகிறது. மீள்பார்வைக்கான நாட்கள் குறைவாக இருக்கும்போது முதலில் கைவிடப்படுவதும் இந்த நிபந்தனைகள்தாம் என்பதால், தவறுகள் அதிகம் விளையும் இடங்களைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும்.

டி.என்.ஏ. இழைகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். கணக்கு என்று வந்ததும் அதை மறந்து, இடமிருந்து வலமாக எழுத்துக்கு எழுத்து மாற்றிக்கொண்டே போகிறார்கள். வார்ப்புரு இழை (ஆர்.என்.ஏ. எதைப் பார்த்து உருவாகிறதோ அந்த இழை) 5′-டி-டி-ஏ-ஏ-ஜி-சி-சி-ஏ-டி-3′ என்று வினாவில் தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வார்ப்புருவை 3′ முனையிலிருந்து 5′ முனை நோக்கிப் படித்து, புதிய இழையை 5′ முனையிலிருந்து 3′ முனை நோக்கி வளர்ப்பதால், வலக்கோடியில் உள்ள எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். கிடைக்கும் தூது ஆர்.என்.ஏ. 5′-ஏயுஜி-ஜிசியு-யுஏஏ-3′, அதாவது மெத்தியோனின், அலனின், பிறகு நிறுத்தம். இடக்கோடியிலிருந்து தொடங்கியவருக்கு ஏஏயு-யுசிஜி-ஜியுஏ வரும். அவர் அஸ்பராஜின், செரின், வாலின் என்று எழுதுவார். தரப்பட்டதைக் குறியீட்டு இழை என்று எடுத்துக்கொண்டு டி-க்குப் பதில் யு மட்டும் போட்டவர் லியூசின், செரின், ஹிஸ்டிடின் என்று எழுதுவார். மூன்று விடைகளும் கோடான் (ஆர்.என்.ஏ.வின் மூன்றெழுத்துத் தொகுதி) அட்டவணைப்படி பிழையற்றவையே. வினா சோதிப்பது அட்டவணையை அல்ல, திசையைத்தான். கோடானுடன் இணையும் கடத்து ஆர்.என்.ஏ.வின் மூன்றெழுத்தான எதிர்க்கோடானிலும் இதே சிக்கல் உண்டு. ஏயுஜி என்ற கோடானுக்கு யுஏசி என்று எழுதுவது தவறில்லை, ஆனால் அதன் இடப்பக்கம் 3′ என்று குறிக்க வேண்டும். வழக்கமான 5′ முதல் 3′ வரையிலான முறையில் எழுதினால் அது சிஏயு. முனைகளைக் குறிக்காமல் எழுதிய எந்த வரிசையையும் முழு விடையாகக் கருதாதீர்கள்.

படியெடுத்தல் (டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாதல்) தொடங்கும் இடத்தையும் மொழிபெயர்த்தல் (ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் உருவாதல்) தொடங்கும் கோடானையும் ஒன்றாக எண்ணுவது இதன் நெருங்கிய உறவினம். தூது ஆர்.என்.ஏ. ஏயுஜியில் தொடங்குவதில்லை; அதற்கு முன்னால் மொழிபெயர்க்கப்படாத பகுதி உண்டு. அதேபோல், நிறுத்தக் கோடான் ரைபோசோமை விடுவிக்கிறதே தவிர, ஆர்.என்.ஏ. பாலிமரேஸை நிறுத்துவதில்லை.

மரபுத் தகவல் எந்தத் திசையில் செல்லும் என்று கூறும் மையக் கோட்பாடும் நிபந்தனை உதிர்ந்த வடிவில்தான் பெரும்பாலும் நினைவில் நிற்கிறது. பிரான்சிஸ் கிரிக் 1958-இல் வெளியிட்ட கட்டுரையில் வலியுறுத்தியது, தகவல் ஒருமுறை புரதத்திற்குள் சென்றுவிட்டால் மீண்டும் வெளியே வர இயலாது என்பதே. 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்த தலைகீழ்ப் படியெடுப்பு நொதி ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை உருவாக்குகிறது. அது இந்தக் கூற்றை மீறவில்லை. ‘டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம்’ என்ற அம்புக்குறிப் படத்தை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர் ‘மையக் கோட்பாடு பொய்யானது’ என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்துவிடுவார்.

சோதனைகளைப் பற்றிய வினாக்கள் தனியாகக் கவனிக்கத் தக்கவை, ஏனெனில் இங்கே முடிவை மட்டும் மனப்பாடம் செய்வதால் ஏறத்தாழ எந்தப் பயனும் இல்லை. மெசெல்சன், ஸ்டால் ஆகியோரின் 1958-ஆம் ஆண்டுச் சோதனை ‘அரைப் பாதுகாப்பு இரட்டிப்பாதலை நிறுவியது’ (ஒவ்வொரு புதிய டி.என்.ஏ.விலும் ஓர் இழை பழையது, மற்றது புதியது) என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். தேர்வாளர் கேட்க விரும்புவது, அடர்த்தி வாரியாகப் பிரிந்த டி.என்.ஏ.வின் எந்தப் பட்டை எந்தக் கருதுகோளை வீழ்த்தியது என்பதை. கனமான நைட்ரஜன்-15 உள்ள ஊடகத்தில் வளர்ந்த பாக்டீரியாவை நைட்ரஜன்-14 ஊடகத்திற்கு மாற்றியபின், முதல் தலைமுறையில் இடைநிலை அடர்த்தியில் ஒரே ஒரு பட்டை தோன்றியது. முழுப் பாதுகாப்பு முறை சரியாக இருந்திருந்தால் கனமானது ஒன்றும் இலேசானது ஒன்றுமாக இரண்டு பட்டைகள் தோன்றியிருக்கும். ஆகவே அது விழுந்தது. ஆனால், பழைய இழையும் புதிய இழையும் துண்டு துண்டாகக் கலக்கும் சிதறல் முறைக்கும் இந்த ஒற்றைப் பட்டை பொருந்தும். இரண்டாம் தலைமுறையில் இடைநிலைப் பட்டையும் இலேசான பட்டையும் தனித்தனியே தெரிந்தபோதுதான் சிதறல் முறை நீங்கியது. எந்தச் சோதனையைப் படித்தாலும் ‘இந்த முடிவு வேறு எதற்கும் பொருந்துமா?’ என்று தாளில் எழுதிப் பாருங்கள். பாக்டீரியா லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுதியான லாக் ஓபரான் பற்றிய வினாக்களுக்கும் இதே பழக்கம் போதும். அத்தொகுதியை அணைத்துவைக்கும் ஒடுக்கியை உருவாக்கும் மரபணு பழுதானால், பிளாஸ்மிடில் (தனி வட்ட டி.என்.ஏ.வில்) உள்ள நல்ல பிரதி அந்தக் குறையை ஈடுகட்டும், ஏனெனில் ஒடுக்கி உயிரணுவுக்குள் பரவிச் செல்லக்கூடிய புரதம். ஒடுக்கி வந்து அமரும் இயக்கிப் பகுதி பழுதானால் ஈடுகட்ட முடியாது, ஏனெனில் அது தான் இருக்கும் டி.என்.ஏ.வை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. இந்தக் காரணம் தெளிந்துவிட்டால் மரபுவகை அட்டவணைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உயிர்வேதியியலுக்கு வந்தால், மிகுந்த சேதம் விளைவது, ஒரு வினை தானாக நடக்குமா என்று காட்டும் கட்டிலா ஆற்றலில். திட்டநிலை மதிப்பையும் உயிரணுவில் உள்ள உண்மையான மதிப்பையும் ஒன்றாகப் பாவிப்பதே இதற்குக் காரணம். குளுக்கோஸைச் சிதைக்கும் பாதையான கிளைக்காலிசிஸில் ஆல்டோலேஸ் நொதி ஆறு கார்பன் மூலக்கூறு ஒன்றை மூன்று கார்பன் மூலக்கூறுகள் இரண்டாகப் பிளக்கிறது. அதன் திட்டநிலைக் கட்டிலா ஆற்றல் மாற்றம் சுமார் +23.8 கிலோஜூல்/மோல். இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், வினை முன்னோக்கி நடக்காது என்று முடிவு செய்வார். ஆனால் திட்டநிலை என்பது ஒவ்வொரு பொருளும் 1 மோலார் செறிவில் இருப்பதாகக் கொண்ட கணக்கு. உயிரணுவில் இச்செறிவுகள் அதைவிட மிகக் குறைவு. ஒன்று இரண்டாகப் பிளக்கும் வினைக்குக் குறைந்த செறிவே சாதகமானது. அடுத்த படிகள் விளைபொருளை உடனுக்குடன் எடுத்துக்கொள்வதும் சேர்ந்து வினையை முன்னே நகர்த்துகிறது. எனவே, ‘தன்னிச்சையாக நடக்குமா?’ என்ற வினாவுக்கு விடை எழுதுமுன் எந்தச் செறிவில் என்று தேடுவது கட்டாயம்.

உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் மூலக்கூறான ஏ.டி.பி.யைப் பற்றிய ‘உயர் ஆற்றல் பிணைப்பு’ என்ற சொற்றொடரும் இங்கே குழப்பத்தை வளர்க்கிறது. எந்தப் பிணைப்பை முறிப்பதற்கும் ஆற்றல் செலவாகும். முறிவதால் ஆற்றல் பிறப்பதில்லை. நீராற்பகுப்பில் திட்டநிலையில் சுமார் 30.5 கிலோஜூல்/மோல் வெளிப்படுவதற்குக் காரணம், விளைபொருள்கள் அதிக நிலைப்புத்தன்மை பெறுவதே. எதிர்மின் சுமைகளுக்கிடையிலான விலக்கு குறைகிறது, பாஸ்பேட் உடனிசைவால் நிலைப்படுகிறது, நீர்மூலக்கூறுகள் விளைபொருள்களை நன்கு சூழ்ந்துகொள்கின்றன. இந்த மூன்றையும் எழுதாமல் ‘பிணைப்பில் சேமித்த ஆற்றல்’ என்று எழுதும் விடை முழு மதிப்பெண்ணுக்கு உரியதில்லை என்பதே என் கருத்து.

நொதிகள் கட்டிலா ஆற்றல் மாற்றத்தையோ சமநிலை மாறிலியையோ தொடுவதில்லை. கிளர்வு ஆற்றலை மட்டுமே குறைக்கின்றன. இதை அறிந்தவர்களும் தடுப்பான்களின் வரைபடத்தில் சறுக்குகிறார்கள். போட்டித் தடுப்பான் இருக்கும்போது தோற்றக் கே.எம். (பாதி உச்ச வேகத்துக்குத் தேவையான தளப்பொருள் செறிவு) உயர்கிறது, வி-மேக்ஸ் (உச்ச வேகம்) மாறுவதில்லை. தலைகீழ் மதிப்புகளை வரையும் லைன்வீவர்-பர்க் வரைபடத்தில் கிடை அச்சின் வெட்டுப்புள்ளி −1/கே.எம். ஆதலால், கே.எம். உயர உயர அந்தப் புள்ளி பூச்சியத்தை நெருங்குகிறது. ‘உயர்ந்தால் விலகிச் செல்ல வேண்டும்’ என்ற உள்ளுணர்வு பலரை இடப்பக்கம் தள்ளிவிடுகிறது. எந்த வகைத் தடுப்பானுக்கு எந்தக் கோடு என்று படத்தை மனத்தில் பதிக்காமல், இரண்டு வெட்டுப்புள்ளிகளின் கோவையை மட்டும் நினைவில் வைத்து ஒவ்வொரு முறையும் வரைந்து பெறுங்கள். கே.எம். எப்போதும் ஈர்ப்பின் அளவு என்று எழுதுவதும் நிபந்தனை தவறிய கூற்றுதான்: நொதி-தளப்பொருள் கூட்டு, விளைபொருளாக மாறுவதைவிட மிக விரைவாகப் பிரியும்போது மட்டுமே அது பொருந்தும்.

சமமின்புள்ளி (நிகரச் சுமை பூச்சியமாகும் பி.ஹெச்.) கணக்கில் வழக்கமான தவறு, எல்லா பி.கே.ஏ. மதிப்புகளுக்கும் (ஒவ்வொரு தொகுதியும் பாதி அளவு புரோட்டானை இழக்கும் பி.ஹெச்.) சராசரி காண்பது. லைசினுக்கு அவை 2.18, 8.95, 10.53 என்று கொண்டால், மூன்றின் சராசரி சுமார் 7.2 வரும். லைசின் காரத்தன்மையுள்ள அமினோ அமிலம் என்பதை நினைத்துப் பார்த்தாலே அந்த விடை ஐயத்தைத் தர வேண்டும். நிகரச் சுமை +1-இலிருந்து பூச்சியத்திற்கும், பூச்சியத்திலிருந்து −1-க்கும் மாறும் இரண்டு படிகளை மட்டும் எடுக்க வேண்டும், அவை 8.95, 10.53, சராசரி 9.74. சுமைகளை ஒவ்வொரு பி.ஹெச். பகுதிக்கும் ஒரு வரியில் எழுதிப் பார்க்கும் அரை நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான் இந்த மதிப்பெண் போகிறது.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து எத்தனை ஏ.டி.பி. என்பதற்குப் பழைய நூல்களில் 36 அல்லது 38 என்றும், புதியவற்றில் 30 அல்லது 32 என்றும் இருப்பது மாணவர்களைக் கலங்கடிக்கிறது. எண்ணை மனப்பாடம் செய்தால் கலக்கம் நீங்காது, கணக்கைச் செய்தால் நீங்கிவிடும். எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறுகளில் மொத்தம் 10 என்.ஏ.டி.ஹெச்., ஒவ்வொன்றுக்கும் 2.5 ஏ.டி.பி. வீதம் 25, எப்.ஏ.டி.ஹெச்.2 இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 1.5 வீதம் 3, கிளைக்காலிசிஸில் நிகரமாக 2, கிரெப்ஸ் சுழற்சியில் அதற்கு ஈடான 2, கூட்டினால் 32. சைட்டோசாலில் உருவான 2 என்.ஏ.டி.ஹெச்.-இன் எலக்ட்ரான்கள் கிளிசரால் பாஸ்பேட் வழியாக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்தால் அவற்றுக்கும் 1.5 தான், ஆகவே 30. பழைய கணக்கு 2.5-க்கும் 1.5-க்கும் பதிலாக 3, 2 என்ற முழு எண்களை எடுத்துக்கொண்டது. வினாத்தாள் எந்த மதிப்புகளைப் பின்பற்றுகிறது என்று பார்த்து, விடையில் அந்த அனுமானத்தையும் ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது.

இனி, படிக்கும் முறையிலேயே உள்ள ஒரு தவறு. வண்ணம் தீட்டிய குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படிப்பது, தெரிந்துவிட்டது என்ற உணர்வைத் தருகிறது. பார்த்ததை அடையாளம் காண்பதும் வெற்றுத்தாளில் எழுத முடிவதும் வேறு வேறு. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். இரண்டு நாளும் ஒரு வாரமும் கழித்து வைத்த தேர்வுகளில், படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். வளர்சிதைமாற்றப் பாதைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். முழுப் பாதையையும் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக, மீளாத படிகளையும் அவற்றின் நொதிகளையும் மட்டும் தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள்: கிளைக்காலிசிஸுக்கு ஹெக்ஸோகைனேஸ், பாஸ்போபிரக்டோகைனேஸ்-1, பைருவேட் கைனேஸ். குளுக்கோஸைப் புதிதாக உருவாக்கும் பாதை இந்த மூன்று இடங்களில் மட்டும் வேறு நொதிகளால் விலகிச் செல்கிறது என்பதிலிருந்து மீதியைப் பெற்றுக்கொள்ளலாம்.

பழைய வினாத்தாளை விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயிற்சி செய்வதும் திரும்பப் படிப்பதன் மறுவடிவமே. விடையை மூடிவைத்து முழுமையாக எழுதியபின் திருத்துங்கள். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே சரியான விடையை மட்டும் எழுதாமல், எந்த நிபந்தனையை விட்டோம் என்று ஒரு சொல்லில் குறியுங்கள்: திசை, செறிவு, பி.ஹெச்., உயிரணு வகை. தேர்வுக்கு முந்தைய நாளில் அந்தப் பட்டியலில் அதிகம் வந்திருக்கும் சொல்லை எடுத்து, அதற்குரிய வினாக்களை மட்டும் மீண்டும் வெற்றுத்தாளில் செய்யுங்கள்.