பழைய பிரிண்டர், புதிய கம்ப்யூட்டர்: டிரைவர் கிடைக்கலையா?

பிரிண்டர் நல்லா ஓடுது, புது விண்டோஸ் மட்டும் அதைக் கண்டுக்கவே மாட்டேங்குதா? தூக்கிப் போட அவசரப்படாதீங்க.

டிரைவர்னா கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பேச வைக்கிற மென்பொருள். பிரிண்டரோட வந்த பழைய சிடியில இருக்கிறது பெரும்பாலும் 32-பிட் டிரைவர். விண்டோஸ் 11 முழுக்க 64-பிட், அதனால அது ஏறாது. முதல்ல கம்பெனியோட சொந்தத் தளத்துல மாடல் எண் போட்டுத் தேடுங்க. விண்டோஸ் 7, 8-க்கான 64-பிட் டிரைவர் இருந்தாலும் போட்டுப் பாருங்க, பல சமயம் வேலை செய்யும்.

அதுவும் இல்லையா? பிரிண்டரோட கையேட்டுல 'பிசிஎல்' அல்லது 'போஸ்ட்ஸ்கிரிப்ட்'னு போட்டிருக்கான்னு பாருங்க. பல பிரிண்டர்களுக்குப் புரியற பொது மொழிகள் இவை. இருந்தா பாதிக் கவலை தீர்ந்தது, பொதுவான டிரைவரே போதும். ஹெச்பி லேசர்ஜெட் என்றால் அவங்களோட யுனிவர்சல் பிரிண்ட் டிரைவர் பல பழைய மாடல்களுக்குப் பொருந்தும். மற்றவற்றுக்கு, அதே கம்பெனியின் நெருங்கிய மாடல் டிரைவரைக் கையால தேர்ந்தெடுக்கலாம்: விண்டோஸ் செட்டிங்ஸ்ல 'ஆட் பிரிண்டர்' போய், 'லோக்கல் பிரிண்டர்', போர்ட் 'யூஎஸ்பி001', அப்புறம் பட்டியல். சோதனைப் பக்கத்துல புரியாத குறியீடுகளா கொட்டினா உடனே பிரிண்டை நிறுத்திட்டு வேற மாடலை முயலுங்க.

விலை குறைந்த சில லேசர் பிரிண்டர்களுக்கு மட்டும் இது பலிக்காது. பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கம்ப்யூட்டர்தான் செய்யணும்கிற வகை அவை, சொந்த டிரைவர் இல்லாம நகராது. அவற்றுக்கு, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸை ஒரு பென்டிரைவ்ல போட்டு, அதுலிருந்து கம்ப்யூட்டரை ஓட்டிப் பாருங்க. கைவிடப்பட்ட எத்தனையோ மாடல்களுக்கு அங்கே இன்னும் டிரைவர் இருக்கு.

'டிரைவர் அப்டேட்டர்'னு வர்ற மென்பொருள் எதையும் மட்டும் தயவுசெய்து இறக்கிடாதீங்க. வைரஸ் வர்ற வழி அது.