குடியிருப்புக் குழுவில் வதந்தி வந்தால் என்ன செய்வது: மழைக்கால அனுபவத்திலிருந்து ஒரு வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்கிற இரவுகளில், "செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள், உடனே கிளம்புங்கள்" என்ற செய்தி வராத குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழு சென்னையில் இருக்காது. 2015 டிசம்பர் முதல் தேதி வெள்ள இரவைக் கண்டவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் பீரோவைத் திறந்து பத்திரங்களை எடுக்கத் தொடங்குவார்கள். வயதானவர்களை மாடிக்கு ஏற்றுவதா, வண்டி பிடித்து உறவினர் வீட்டுக்கு அனுப்புவதா என்ற தவிப்பு ஒவ்வொரு வீட்டிலும் எழும். அடையாற்றுக்கு அருகே, சைதாப்பேட்டையில், 48 வீடுகள் கொண்ட குடியிருப்பின் நலச்சங்கச் செயலாளராக 6 ஆண்டுகளாக இருக்கிறேன். இத்தகைய இரவுகளில் நான் கற்றுக்கொண்டதையும், ஒரு முறை பெரிய தவறு செய்து கற்றுக்கொண்டதையும், இதே பொறுப்பில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் செய்தியைக் கேள்விகளாக உடையுங்கள்

ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. எங்கே, எப்போது, எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் பெரும்பாலான வதந்திகள் அந்த இடத்திலேயே தளர்ந்துவிடும். செம்பரம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 வெள்ளத்தின்போது விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி உபரி நீர் வெளியேற்றப்பட்டது. 2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயலின்போது, நீர்மட்டம் 22 அடியை எட்டியதும் முதலில் திறக்கப்பட்டது விநாடிக்கு 1,000 கன அடிதான். இரண்டுக்கும் நாம் பயன்படுத்துகிற சொல் "ஏரி திறப்பு" என்பதே. ஆகவே "திறந்துவிட்டார்கள்" என்ற செய்தி முழு உண்மையாகவே இருந்தாலும், எத்தனை கன அடி என்பது இல்லாதவரை அதை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது.

"எங்கே" என்ற கேள்வியும் அதே அளவுக்கு முக்கியம். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் திருநீர்மலைக்கு அருகே அடையாற்றில் சேர்ந்து, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. வேளச்சேரியில் தண்ணீர் தேங்குவதற்குப் பெரும்பாலும் அங்கேயே பெய்கிற மழையும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி ஏரிகளிலிருந்து வருகிற நீரும்தான் காரணம். புழல் ஏரியின் உபரி நீர் எண்ணூர் பக்கமாகப் போகிறது. உங்கள் தெருவுக்கு எந்த நீர்வழியால் ஆபத்து என்பதை மழை தொடங்குவதற்கு முன்பே ஒரு முறை வரைபடத்தில் பார்த்துக் குழுவில் போட்டு வைத்துவிட்டால், பாதி பதற்றம் குறைந்துவிடும். எங்கள் குடியிருப்பில் அப்படி ஒரு படத்தை அச்செடுத்து, மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.

மழை அளவு பற்றிய செய்திகளுக்கும் இதே அளவுகோல்தான். 2015 வெள்ளத்தின்போது, சென்னையில் 250 செ.மீ. மழை பெய்யும் என்று நாசா கூறியதாக ஒரு செய்தி ஊரெங்கும் பரவியது. சென்னையின் ஓராண்டுச் சராசரி மழையே ஏறக்குறைய 140 செ.மீ.தான் என்று தெரிந்தவருக்கு அதை நம்ப வழியில்லை. வானிலை ஆய்வு மையம் ஒரு நாளின் மழையைக் காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்துக்குக் கணக்கிடுகிறது. அதில் 20 செ.மீ.க்கு மேல் பதிவானாலே அதி கனமழை. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்திருந்தால் போதும்.

பொய்த்த கணிப்பும் பொய்ச் செய்தியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. முந்தைய நாளே பலர் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஆனால் தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்ததால் எதிர்பார்த்த மழை பெய்யவில்லை. உடனே "வானிலை மையம் பொய் சொல்லிவிட்டது" என்று குழுவில் எழுதினார்கள். சிவப்பு என்பது நடவடிக்கை எடுத்துப் பாதுகாப்பாக இருங்கள் என்பதற்கான எச்சரிக்கை. கட்டாயம் வெள்ளம் வரும் என்ற வாக்குறுதி அல்ல. இதைப் பொறுமையாக விளக்காவிட்டால், அடுத்த எச்சரிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள். அது வதந்தியைவிடப் பெரிய ஆபத்து.

படமும் காணொளியும்

2015 வெள்ளத்தின்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் பரவிய செய்தி பொய், பண்ணையே மறுத்தது. ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, பெருங்களத்தூர் பக்கம் முதலை சாலையைக் கடக்கும் காணொளி வந்தபோது அது உண்மையாகவே இருந்தது. அந்தப் பகுதி நீர்நிலைகளில் சதுப்பு முதலைகள் இருப்பதை அரசுத் தரப்பிலேயே உறுதி செய்தார்கள். முன்பு பொய்யாக இருந்தது என்பதற்காக இன்றும் பொய் என்று அடித்துச் சொல்லிவிடக் கூடாது. நானே அன்று அவசரப்பட்டு "பழைய புரளி" என்று எழுதி, ஒரு மணி நேரம் கழித்துத் திருத்தம் போட்டேன்.

படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால், அது முன்பே எங்காவது வெளிவந்திருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். காணொளியாக இருந்தால் ஓரிடத்தில் நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுத்துத் தேடலாம். அதற்கு முன் கண்ணால் பாருங்கள்: கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி எண் எந்த மாநிலத்துடையது, பின்னால் பேசுகிறவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரப்பப்பட்ட காணொளிகள், வேறு ஆட்களுக்கிடையே வேறு காரணங்களுக்காக நடந்த மோதல்கள் என்று காவல்துறை விளக்க வேண்டியிருந்தது. காட்சி நிஜமாகவும், அதற்கு மேலே எழுதிய வரி பொய்யாகவும் இருப்பதுதான் மிக அதிகமாக நடப்பது.

உறுதி செய்துகொள்ள ஏரி நீர்மட்டத்துக்குச் சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணையதளம், மழைக்கு நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையம், தெருவில் தேங்கிய நீருக்கு மாநகராட்சியின் 1913, மின்சாரத்துக்கு 94987 94987 ஆகியவை போதும். அரசு அறிவிப்பு என்ற பெயரில் வருபவற்றுக்குத் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகமும், மத்திய அரசு தொடர்பானவற்றுக்கு அதன் பத்திரிகை தகவல் அலுவலகத்தின் (பி.ஐ.பி.) உண்மைச் சரிபார்ப்புப் பிரிவும் இருக்கின்றன.

திருத்துவது எப்படி

இதைத்தான் நான் தவறாகச் செய்தேன். 2021 நவம்பர் மழையில், எங்கள் தரைத்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஏரிக் கரை உடைந்துவிட்டதாக ஒரு குரல் பதிவை இரவு 11 மணிக்குக் குழுவில் அனுப்பினார். அது பொய் என்று எனக்குத் தெரியும். உடனே "ஆதாரம் இல்லாமல் எதையும் போடாதீர்கள் சார்" என்று எல்லார் முன்னிலையிலும் எழுதினேன். அதற்குக் கீழே நான்கைந்து பேர் சிரிக்கிற முகங்களைப் போட்டார்கள். தகவலில் நான் சொன்னது சரி. ஆனால் அடுத்த மாதம் எங்கள் நிலத்தடித் தொட்டியில் கழிவுநீர் கலந்தபோது, முதல் நாள் காலையிலேயே நாற்றத்தை உணர்ந்தவர் அவர்தான். குழுவில் அவர் எழுதவில்லை. இரண்டு குழந்தைகளுக்கு வாந்தி வந்த பிறகு, மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னால் மறுபடியும் ஆதாரம் கேட்பீங்க, எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன் தம்பி" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னை உறுத்துகிறது.

அதன் பிறகு நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. செய்தி வந்ததும் "பார்த்துக்கொண்டிருக்கிறேன், 15 நிமிடத்தில் சொல்கிறேன், அதுவரை யாரும் வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டாம்" என்று ஒரு வரி போடுகிறேன். அந்த வரி இல்லாவிட்டால், நான் சரிபார்த்து முடிப்பதற்குள் அது பத்துக் குழுக்களுக்குப் போய்விடும். பிறகு அனுப்பியவரைத் தனியாகத் தொலைபேசியில் அழைத்து, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறேன். பெரும்பாலும் அவர் பயந்துபோய், நம் நன்மைக்காகத்தான் அனுப்பியிருப்பார். விவரம் தெரிந்ததும் திருத்தத்தை அவரையே போடச் சொல்கிறேன். அவர் தயங்கினால் மட்டும், பெயரைக் குறிப்பிடாமல் நான் போடுகிறேன்.

திருத்தத்தில் உண்மை முதலில் வர வேண்டும். "ஏரி உடைந்தது என்பது பொய்" என்று தொடங்கினால், அரைத் தூக்கத்தில் படிப்பவர் கண்ணில் "ஏரி உடைந்தது" மட்டுமே படும். நாங்கள் எழுதுவது இப்படி: "ஏரிக் கரை பாதுகாப்பாக இருக்கிறது. இன்று மாலை 6 மணி நிலவரப்படி நீர்மட்டம் இத்தனை அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. தரைத்தளத்தில் இருப்பவர்கள் இப்போது வெளியேறத் தேவையில்லை. மோட்டாரை மட்டும் அணைத்து வையுங்கள். அடுத்த தகவல் இரவு 10 மணிக்கு." இன்னும் தெரியாத விஷயத்தை "இன்னும் உறுதியாகவில்லை" என்றே எழுதுங்கள், அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். அடுத்த தகவலுக்கு நேரம் குறித்தால், சொன்ன நேரத்தில் எழுதிவிட வேண்டும். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் "மாற்றம் இல்லை" என்று எழுதுங்கள்.

தவறான செய்தியை அட்மின் உடனே நீக்குவதை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. பார்த்துவிட்டவர்களுக்கு அது மனதில் இருக்கும், அதற்கான பதில் மட்டும் கிடைக்காது. அதே செய்தியை மேற்கோளாக எடுத்து, அதன் கீழேயே திருத்தத்தைப் போடுவது நல்லது.

உடனே நீக்க வேண்டியவை

ஒரு மனிதரையோ ஒரு சமூகத்தையோ குறிவைக்கும் செய்திக்கு மேலே சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுகிறார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் பரவிய புரளியை நம்பி, குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து போன குடும்பத்தைப் போளூர் அருகே ஊரார் தாக்கினார்கள். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணி உயிரிழந்தார். அதே மாதம் பழவேற்காட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்ஆப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கைகள் மாறி வந்தது; எழுதியவர் யார் என்று அனுப்பியவருக்கே தெரியாது.

ஆள் படம், வண்டி எண், "இவரைப் பார்த்தால் பிடியுங்கள்" என்ற வாசகம் இவற்றில் எது இருந்தாலும், ஒரு திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு உடனே நீக்குங்கள். 100 அல்லது 112 எண்ணுக்குத் தெரிவியுங்கள். ஏன் நீக்கினீர்கள் என்பதைக் குழுவில் எழுதுங்கள். குடியிருப்பின் காவலாளிக்கும், வேலைக்கு வரும் பெண்களுக்கும் நேரில் சொல்லுங்கள். அவர்கள் நம் குழுவில் இருப்பதில்லை, ஆனால் இத்தகைய செய்தி வேறு வழியில் அவர்களையும் எட்டிவிடும். தெருவில் புதிதாக ஒருவரைக் கண்டு கூட்டம் சேர்ந்தால், முதலில் அதன் நடுவே நிற்கப்போகிறவர்களும் அவர்கள்தான்.