ரேஸ் கார் உரிமையாளர்களுக்கு ஒரு தேசியச் சங்கம்: எங்கிருந்து தொடங்குவது?

சங்கம் என்றதும் நம்மவர்கள் முதலில் தேடுவது பெயரும் தலைவரும்தான். அப்புறம் இலச்சினை, லெட்டர்ஹெட், வட்ஸ்அப் குழு. ரேஸ் கார் உரிமையாளர் சங்கத்துக்கு இந்த வரிசை சரிவராது. முதலில் வேண்டியது கார்ப் பட்டியல். உங்கள் பந்தயப் பிரிவில், அதாவது ஒரே வகைக் கார்கள் தங்களுக்குள் ஓடும் பிரிவில், ஓடும் நிலையில் உள்ள கார்கள் நாடு முழுக்க எத்தனை, எந்த ஊரில் நிற்கின்றன, யாருடைய கராஜில், யாருடைய பணத்தில் என்று ஒரு கொப்பியில் எழுதி முடிக்கும்வரை வேறு எதையும் தொடவேண்டாம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம்: 1000 சிசிக்குள் ஓடும் நிசான் மார்ச் கே11. உங்களுடையது ஃபோர்ட் லேசரோ மினியோ ஹொண்டாவோ, வேலை இதேதான். நான் எழுதுவது திருகோணமலையில் இருந்து. எங்களுக்கு எல்லாப் போட்டியும் வெளியூர்ப் போட்டி. அனுராதபுரம் சாலியபுரவில் கஜபா சுப்பர்குரொஸ் என்றால் காரை லொறியில் ஏற்றி ஹொரவப்பொத்தானை வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும், அதுதான் கிட்ட உள்ளதில் ஒன்று. தியத்தலாவை பொக்ஸ்ஹில், நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றம், களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த எல்லாம் அதைவிடத் தூரம். இவ்வளவு தூரம் போய் இறங்கியபிறகு போட்டிக்கு முந்திய கார்ப் பரிசோதனையில் “இந்த கேம் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) இந்த வருடம் செல்லாது” என்று ஒரு வார்த்தை வந்தால் லொறிக் காசு, டயர்க் காசு, இரண்டு மெக்கானிக்கின் சம்பளம் எல்லாம் போச்சு. கொழும்பில் இருப்பவருக்கு இதே செய்தி ஒரு போன் அழைப்பில் முன்கூட்டியே தெரிந்துவிடும். தேசியச் சங்கம் ஒன்று இருக்கவேண்டிய முதல் காரணம் இதுதான்: விதி எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே வடிவில் போய்ச் சேரவேண்டும்.

பட்டியல் எழுதத் தொடங்கியதுமே முதல் சிக்கல் வரும். உரிமையாளர் என்றால் யார்? ரேஸுக்கென்று ஒதுக்கிய பழைய கார் பலதும் ஓப்பன் பேப்பரில்தான், பெயர் மாற்றாமல்தான், கிடக்கும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் அதை விற்று எத்தனையோ வருடமாகியிருக்கும், வாங்கியவர் ஒருவர், எஞ்சின் கட்டியவர் இன்னொருவர், ஓட்டுபவர் மூன்றாமவர், கேட்டால் மூவருமே “என்ர கார்” என்பார்கள். அதனால் புத்தகத்தை மட்டும் நம்பாமல், செஸி இலக்கம், காரின் நாலு பக்கப் படம், வாங்கியபோது எழுதிய கடிதம், ஒரு சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட உரிமைப் பிரகடனம் இவ்வளவையும் ஒவ்வொருவரிடமும் வாங்குங்கள். கேட்கும்போது பக்குவமாகக் கேட்கவேண்டும். “அண்ணா, காரை நாங்கள் கேட்கவில்லை, காருக்கு ஒரு பதிவு போடுகிறோம், நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்களுக்குத்தான் நல்லது” என்று சொன்னால் பெரும்பாலும் தருவார்கள்.

அந்தப் பதிவை ஒரு லொக் புத்தகமாக ஆக்குங்கள், காருக்கு ஒன்று. செஸி இலக்கம், ரோல் கேஜின் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூட்டின்) படம், எஞ்சினை யாரும் திறக்காமலிருக்க வைக்கும் சீலின் இலக்கம், ஓடிய போட்டிகள், பட்ட அடி எல்லாம் அதில் ஏறவேண்டும். கார் கைமாறினால் புத்தகமும் கூடவே போகவேண்டும், மாற்றத்தைச் சங்கம் பதியவேண்டும். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும் சங்கத்துக்கு ஆட்கள் தாங்களாகவே வந்து சேருவார்கள், ஏனென்றால் லொக் புத்தகம் உள்ள கார் விலை போகும்.

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் பதியப்படும் தேசிய விளையாட்டுச் சங்கம் வேறு, நீங்கள் அமைக்கப்போவது வேறு. மோட்டார் விளையாட்டின் உலக அமைப்பான எஃப்ஐஏ அந்த விளையாட்டுக்கு ஒரு நாட்டில் ஓர் அமைப்பைத்தான் அங்கீகரிக்கும், இலங்கையில் அது ஸ்ரீலங்கா ஆட்டோமொபைல் ஸ்போர்ட்ஸ். ஓட்டுநர்களுக்கும் ஏற்கனவே தனிச் சங்கம் இருக்கிறது. லைசன்ஸ் கொடுப்பது, போட்டிக்கு அனுமதி கொடுப்பது எல்லாம் உங்கள் வேலையல்ல, அந்த எண்ணம் இருக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே கதவு மூடிவிடும். உங்கள் பிரிவின் கார்களுக்காகப் பேசும் ஒரு தரப்பாகப் போய் நில்லுங்கள்.

பதிவுக்கு இரண்டு படி வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஒரு யாப்பு, ஒரு கூட்டறிக்கை, இரண்டு ஒப்பத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு. வங்கி பதிவுச் சான்றிதழ் கேட்கும், அதனால் இரண்டாவது படியை அதிகம் தள்ளிப்போடாதீர்கள். பிரதேச செயலகத்தில் பதிவது எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்குப் போதும், நாடு முழுக்க உறுப்பினர் உள்ள அமைப்புக்கு அது பற்றாது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவதுதான் என் தெரிவு: பங்கு கிடையாது, இலாபம் பிரிப்பது கிடையாது, பொறுப்பு ஒரு சிறு தொகையோடு நின்றுவிடும். பெயரில் ‘இலங்கை’, ‘தேசிய’ என்ற சொற்களை வைக்க முன் அனுமதி வேண்டியிருக்கும், அதைப் பதிவாளரிடம் உறுதிப்படுத்தாமல் பேனர் அடிக்காதீர்கள்.

வாக்கு விஷயத்தில்தான் சங்கங்கள் உடைகின்றன. ஒரு காருக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் ஐந்து கார் வைத்திருக்கும் டியூனிங் கராஜ்காரர் ஒருவரே விதியை எழுதுவார். ஓர் உரிமையாளருக்கு ஒரு வாக்குத்தான், அதுவும் கடந்த இரண்டு பருவத்தில் இரண்டு போட்டியிலாவது அவருடைய கார் தொடக்கக் கோட்டில் நின்றிருக்கவேண்டும். ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் இணை உறுப்பினராக வரட்டும், பேசட்டும், வாக்கு வேண்டாம். அடுத்தது வலயம். மேல் மாகாணத்தில் கார் அதிகம், அது இயல்பு, அவர்களைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் தொழில்நுட்ப விதியை மாற்ற மூன்றில் இரண்டு வாக்கும், அதோடு குறைந்தது மூன்று வலயங்களில் பெரும்பான்மையும் வேண்டும் என்று யாப்பிலேயே எழுதிவிடுங்கள். வடக்கு கிழக்குக்கும் மலையகத்துக்கும் நிர்வாக சபையில் தனி ஆசனம் வேண்டும். இதைப் பின்னால் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால் பின்னால் வரவே வராது.

இனி விதிப்புத்தகம். சங்கத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் இதற்குத் துணை. பிரித்தானியாவில் 1939 இல் ஒஸ்டின் செவன் என்ற மலிவான சின்னக் கார் வைத்திருந்தவர்கள் தொடங்கிய 750 மோட்டர் கிளப் இன்றும் போட்டி நடத்திக்கொண்டிருக்கிறது. மலிவான காரை மலிவாகவே வைத்திருக்கும் விதி கையில் இருந்தால் ஒரு பிரிவு தலைமுறைகள் தாண்டி நிற்கும் என்பதற்கு அது போதுமான சான்று. விதியின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: அனுமதி என்று எழுதப்படாதது எதுவும் அனுமதி இல்லை.

எண்களைக் கவனமாக எழுதுங்கள். கே11 மார்ச்சின் சிஜி10டிஇ எஞ்சினுக்கு போர் (சிலிண்டரின் விட்டம்) 71 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 63, மொத்தம் 997 சிசி. இந்த எஞ்சின்கள் இப்போது எல்லாம் பழசு, சிலிண்டர் தேய்ந்து ரீபோர் பண்ணி, அதாவது கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேண்டி வரும். கால் மில்லிமீற்றர் ஓவர்சைஸ் போட்டாலே 1005 சிசிக்குக் கிட்டப் போய்விடும், அரை மில்லிமீற்றர் போட்டால் 1012. ஆக ‘1000 சிசி வரை’ என்று மட்டும் எழுதி வைத்தால், நேர்மையாக எஞ்சினை ரிப்பேர் செய்தவர் விதி மீறியவராகிவிடுவார், புது பிளொக் வாங்க வசதியுள்ளவர் மட்டும் சட்டப்படி ஓடுவார். ‘போர் அதிகபட்சம் 71.5 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 63, மாற்றக்கூடாது’ என்று அளவில் எழுதுங்கள். போட்டி முடிந்ததும் போர் கேஜை வைத்துப் பார்த்தால் பேச்சுக்கு இடமில்லை. கேம் வால்வை எவ்வளவு தூக்குகிறது என்ற லிஃப்டுக்கும் அப்படித்தான், டயல் கேஜ் சொல்லும் எண்தான் விதி. எடை ஓட்டுநரோடு சேர்த்து. டயர் எல்லோருக்கும் ஒரே வகை, கடையில் கிடைக்கிறதா என்று திருகோணமலையிலும் வவுனியாவிலும் பதுளையிலும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள், கொழும்பில் ஓர் இறக்குமதியாளரிடம் மட்டும் கிடைக்கும் டயர் நம் நோக்கத்துக்கு எதிரானது.

சீல் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வால்வ் கவர் போல்ட்டில் இரண்டு, அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பின் போல்ட்டில் இரண்டு, போல்ட்டின் தலையில் மெல்லிய துளை போட்டு, கம்பியைக் கோர்த்து முறுக்கி, முனையில் ஈய சீலை வைத்து இலக்கம் பதியும் இடுக்கியால் நசுக்கவேண்டும். இலக்கம் லொக் புத்தகத்தில் ஏறவேண்டும், படமும் எடுக்கவேண்டும். கம்பி கட்டாயம் ஸ்டெயின்லெஸ். எங்கள் உப்புவெளிப் பக்கம் கராஜில் நிற்கும் காருக்குச் சாதாரண கம்பி போட்டால் கடல் காற்றில் துருப்பிடித்து ஒருநாள் தானாகவே அறுந்துவிடும், அப்புறம் “யார் அறுத்தது” என்று விசாரணை நடக்கும், நிரபராதிக்குப் பெயர் கெடும். இப்படிச் சின்ன விஷயத்தில்தான் தூர ஊர்க்காரன் மனம் விட்டு விலகிப்போகிறான்.

சீல் போடுபவர் யார்? காரோ கராஜோ பிரிவில் இல்லாதவர். தொழில்நுட்பக் கல்லூரிகளில் மோட்டார் பகுதி கற்பிப்பவர்களை வலயத்துக்கு ஒருவராகக் கேளுங்கள், போக்குவரத்துச் செலவும் கைச்செலவும் சங்கம் கொடுக்கட்டும். அமெரிக்காவில் கார் உரிமையாளர்களே சேர்ந்து கார்ட் (CART) என்ற அமைப்பைத் தொடங்கி 1979 இலிருந்து தனியாகப் போட்டித் தொடரே நடத்தினார்கள். நன்றாகத்தான் ஓடியது, ஆனால் விதி எழுதும் சபையிலும் பந்தயத்திலும் அதே ஆட்கள் இருந்ததால் ஒவ்வொரு முடிவுக்கும் உள்நோக்கம் தேடப்பட்டது. 1996 இல் எதிர்த் தொடர் பிறந்து, இரண்டும் ஒன்றாக 2008 ஆனது. அளவெடுப்பவர் வெளியாளாக இருக்கட்டும் என்பதை இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை.

முதல் பொதுக்கூட்டத்தைத் தம்புள்ளையில் வையுங்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் திருகோணமலைக்கு வரும் ஏ6 வீதியும் அங்கேதான் சந்திக்கின்றன, கொழும்புக்காரரும் பாதி வழி வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, மாலை நாலுக்கு முடிந்துவிடவேண்டும். ஏப்ரல் வேண்டாம், மலைநாட்டுப் போட்டிகள் சூடுபிடிக்கும் மாதம். யாப்பு வரைவும் விதி வரைவும் மூன்று மொழியிலும் ஒரு மாதம் முன்பே எல்லோர் கையிலும் இருக்கவேண்டும். மொழிபெயர்ப்பை அலுவலகத்துக்குக் கொடுக்காமல், தமிழும் சிங்களமும் தெரிந்த ஒரு மெக்கானிக்கை அருகில் இருத்திச் செய்யுங்கள், அப்போதுதான் கராஜில் சொல்லும் சொல் அப்படியே வரும்.

சங்கம் அமைந்ததும் முதல் வேலை போட்டி நடத்துபவர்களிடம் போவது. நம் நாட்டில் பெரிய போட்டிகள் பல இராணுவ முகாம்களோடும் விமானப் படையோடும் சேர்ந்து நடப்பவை, ஆக எழுத்தில், முறையான கடிதத்தோடு போகவேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் வெளியாகும் விதிமுறையில் உங்கள் பிரிவுக்குச் சங்கத்தின் விதிப்புத்தகத்தை இணைப்பாகச் சேர்க்கக் கேளுங்கள். பதிலுக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது கார் எண்ணிக்கை: இத்தனை கார் நிச்சயம் வரும் என்று ஒரு மாதம் முன்பே சொல்லமுடிந்தால் அதைவிடப் பெரிய பலம் இல்லை.

பகிஷ்கரிப்பை மிரட்டும் ஆயுதமாகக் கையில் எடுக்காதீர்கள். ஃபோர்முலா வன்னில் 1974 இல் அமைந்த ஃபோகா என்ற, கார் கட்டி ஓட்டும் அணிகளின் சங்கம் சேர்ந்து பேரம் பேசியே பலம் பெற்றது, 1981 இல் ஒப்பந்தமும் கண்டது. அதே சங்கம் அடுத்த வருடம் இமோலா போட்டியைப் பகிஷ்கரித்தபோது உறுப்பினரான டைரல் அணி இத்தாலிய அனுசரணையாளருக்காகக் களத்தில் இறங்கியது, 14 காரோடு போட்டி நடந்தது. அனுசரணையாளர் உள்ள உறுப்பினரைப் பிடித்து நிறுத்த முடியாது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டியில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகி 7 பேர் உயிரிழந்தார்கள், அதில் சிறுமியும் இருந்தாள். பார்வையாளர் நிற்கும் இடம், தடுப்பு, மீட்புக் குழு, காப்புறுதி இவை என்ன நிலையில் இருக்கின்றன என்று ஒவ்வொரு போட்டிக்கும் முன்பு எழுத்தில் கேட்கும் உரிமை கார் கொண்டுவருபவருக்கு உண்டு. சரியான பதில் வராவிட்டால் உறுப்பினர்களுக்கு அதை அப்படியே அறிவியுங்கள், போவதா விடுவதா என்று அவரவர் முடிவெடுக்கட்டும்.

பணம் சுருக்கமாக: வருடச் சந்தா, லொக் புத்தகக் கட்டணம், சீல் கட்டணம், அவ்வளவுதான். அனுசரணைப் பணம் வந்தால் பாதியாவது தூர வலயக் கார்களின் லொறிச் செலவுக்கு ஒதுக்கவேண்டும். பொருளாளரும் தலைவரும் ஒரே ஊரில் இருக்கக்கூடாது. கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா உறுப்பினருக்கும் அனுப்புங்கள், வருட முடிவில் வெளிக் கணக்காய்வாளர் பார்க்கட்டும், நிர்வாக சபையில் ஒருவர் ஒரே பதவியில் இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது, பதவி விடும்போது லொக் புத்தகப் பதிவேடும் சீல் இடுக்கியும் கையொப்பத்தோடு அடுத்தவர் கைக்குப் போகவேண்டும்.